வெட்டிய பால்

தண்ணீர் கொதித்துவிடக் கூடாது, வெதுவெதுப்பு வந்தவுடனே இறக்கிவிட வேண்டும், கொதித்தால் பொடி கட்டி கட்டியாகத் திரண்டு மேலே மிதக்கும், அப்புறம் எவ்வளவு ஆற்றினாலும் கரையாது என்று வடமலை தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு அடுப்படியில் நின்றான். சொல்லிக்கொள்ள வேண்டிய தேவையே இல்லை. வாழ்நாளில் பாதியை இந்தப் பொடியோடு கழித்தவன், கண்ணைக் கட்டிவிட்டாலும் கை கலக்கிவிடும். ஆனால் எதையாவது சொல்லிக்கொண்டே இருந்தால்தான் உள்ளறையிலிருந்து வருகிற அந்த மூச்சுச் சத்தம் கொஞ்சம் எட்டி நிற்கிறது. இழுத்து, நின்று, நின்றேதான் போய்விட்டதோ என்று இவன் கை உறைகிற நேரத்தில் மறுபடி இழுக்கிற மூச்சு. அம்மாவின் மூச்சு. முந்தாநாள் ஆஸ்பத்திரியில், இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்தச் சின்ன வயசு டாக்டர் சொன்னபோது, அவர் மேஜை மேல் ஒரு டம்ளர் பால் மூடாமல் ஆடை கட்டிக் கிடந்ததும், அதை நகர்த்தி வையுங்கள் டாக்டர், இவங்களுக்கு ஆகாது என்று இவன் சொன்னதும், அவர் இவனைப் பார்த்த பார்வையும். போகிற உயிருக்குப் பால் ஆகாதாம். எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். போகட்டும், யார் வேண்டாம் என்றது, எண்பதை எட்டிய உடம்பு, போகிற காலம்தான், ஆனால் போகிற மூச்சு தானாக மெலிந்து மெலிந்து போகட்டும், உதடு வீங்கி, தொண்டை அடைத்து, கண் பிதுங்கிப் போக வேண்டாம், இவன் கையில் இருக்கிற ஸ்பூனால் போக வேண்டாம். இவ்வளவுதான் அவன் கேட்டது. யாரிடம் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. “பாலு ஆச்சாய்யா?” என்று உள்ளேயிருந்து ருக்குமணி அத்தையின் குரல். “காலையிலேருந்து வாயத் தெறந்தே வச்சிருக்கு மதினி. கேக்குதுய்யா. பாலத்தான் கேக்குது. ஊத்துனாத்தான் கெளம்பும்.” வாய் திறந்திருப்பது மூக்கால் மூச்சு விட முடியாததால், அத்தே, என்று சொல்ல வாயெடுத்தான், ஆனால் ஈரமில்லாத அந்த வாயைப் பார்க்கும்போது அவனுக்கும் அது எதையோ கேட்கிற மாதிரிதான் இருந்தது. வனஜா வரட்டும் அத்தே, தூத்துக்குடியிலேருந்து பஸ் ஏறிட்டா, என்றான். “தங்கச்சி வருவா, வரட்டும். உசுரு பஸ்ஸுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமாக்கும்.”

பொடியைக் கொட்டினான். அந்த வாடை எழுந்தது. வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலும் நனைந்த அட்டைப்பெட்டியும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை, எந்தக் குழந்தையும் முதல் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்கிற வாடை. டென்மார்க்கில் அவன் வேலை பார்த்த பால்பொடி ஆலையின் ஆய்வுக்கூடத்தில் காலையில் முதல் வேலை ருசி பார்ப்பது. வரிசையாகச் சின்னக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவுக்குப் புரதத்தை வெட்டிய பால். நாக்கில் ஒரு சொட்டு, கண்ணை மூடு, எவ்வளவு கசக்கிறது சொல். முழுப் பால் இனிக்கும். கொஞ்சம் வெட்டினால் சப்பென்று ஆகும். இன்னும் வெட்டினால் நாக்கின் அடியில் எங்கேயோ கசக்கத் தொடங்கும். முற்ற வெட்டினால் வேப்பெண்ணெய். வெட்ட வெட்டக் கசப்பு, கசக்கக் கசக்க ஆபத்தில்லை. இப்படி ஒரு கணக்கு அவன் நாக்கில் பதிந்துபோயிருந்தது. உன் நாக்குதான் கருவி என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். பால்கோவாக் கடைக்காரன் மகனுடைய நாக்கு என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஒரு ஊர் இருக்கிறது, அங்கே மாலையானால் தெருவே பால் காய்ச்சும், புளியவிறகுப் புகையும் பாலும் சீனியும் சேர்ந்து காற்றே திக்காக இருக்கும், அந்த ஊரில் எங்கள் வீட்டில் ஒரே ஒருத்தி மட்டும் பாலைத் தொட்டதில்லை என்று எந்த மொழியில் சொல்வது. தமிழில் சொன்னால் ‘ஆகாது’ என்ற ஒரு சொல் போதும். பால் ஆகாது. இங்கிலீஷில் அதற்கு ஒரு முழுப் படிப்பே இருந்தது, அந்தப் படிப்பைப் படித்துப் பட்டம் வாங்கி, கட்டுரை கட்டுரையாக எழுதினான், ஒவ்வொரு தலைப்பிலும் குறைத்தல் என்ற சொல். பால் புரதத்தின் ஒவ்வாமைத் தன்மையைக் குறைத்தல். நீக்குதல் என்று எழுத யாருக்கும் தைரியம் இல்லை, இவனுக்கும் இல்லை. குறைத்தல். எவ்வளவு குறைத்தால் குறைத்தது? மிச்சம் எங்கே போய் நிற்கும்? அந்தச் சொல்லில் வந்து முட்டிக்கொண்டு, ஸ்பூனால் கலக்குவதையே மறந்து நின்றான். கலக்கினான். வெளிறிய மஞ்சள் நிறத்தில் நுரை கட்டியது. டம்ளரை ஒரு தட்டால் மூடி, ஆறட்டும் என்று மேடையில் வைத்துவிட்டு உள்ளே போனான்.

அம்மாவின் கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. அந்த ஜன்னல் திறந்திருந்தது. அந்த ஜன்னலுக்குப் பின்னால் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் அப்பா பால் காய்ச்சிய கொட்டகை, அப்பா போனபிறகு வாடகைக்கு எடுத்தவர்கள் அங்கே இன்றைக்கும் காய்ச்சுகிறார்கள், அந்த ஆவி பட்டால் அம்மாவுக்குக் கண்ணிமை தடித்துவிடும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடைத்தே கிடந்த ஜன்னல் அது. “நாந்தான் தெறந்தேன், காத்து வரட்டும்னு. போற நேரத்துல என்ன ஜன்னலு” என்றாள் அத்தை. அவன் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான். அம்மாவின் உதட்டைக் குனிந்து பார்த்தான். காலையில் அந்தக் கலவையில் விரலைத் தொட்டு, உள்ளுதட்டில் ஒரு பொட்டு வைத்திருந்தான். ஒன்றும் இல்லை. தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. ஆஸ்பத்திரி ஊசி போட்டுப் போட்டு நீலம் பாய்ந்த முன்கையிலும் ஒரு சொட்டு வைத்திருந்தான், அங்கேயும் இல்லை. ஆனால் ஒரு பொட்டு வேறு, ஒரு வாய் வேறு. பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். “நான் பாத்துக்கிடுதேன், நீ சித்த கண்ணசரு, ரெண்டு ராத்திரியா ஒறக்கம் இல்ல, ஒன் மொகத்தப் பாத்தா நீதான் முந்துவ போல இருக்கு” என்று சொல்லிவிட்டு அத்தை சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். அடுப்படிப் பக்கம் போகிற அவள் செருப்பில்லாத பாதங்களின் தப் தப். எழுபது தாண்டியும் அந்த நடையில் ஒரு குறையும் இல்லை. அந்தக் காலத்தில் கொட்டகையில் நின்று கிண்டியவள், அப்பா கூட அவள் பதம் பார்த்துச் சொன்னால்தான் இறக்குவார்.

அவள் கொடுத்த பால்தான் அம்மா இந்த வீட்டில் வாங்கிய முதல் பால். கடைசிப் பாலும் கூட. மணவறையிலிருந்து இறங்கி வந்து பாயில் உட்கார்ந்த மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பாலும் பழமும் கொடுக்க வேண்டியவள் நாத்தனார், சின்னப் பெண், புதுப் பாவாடை தாவணி, வெள்ளிக் கிண்ணம், மூன்று வாய் கொடுக்க வேண்டும். சாத்தூருக்குத் தெற்கே கரிசல் காட்டு ஊரிலிருந்து வந்த பெண், மாடு இல்லாத வீடு, கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்தவள், பால் தனக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். பால் காய்ச்சிப் பிழைக்கிற வீட்டில் முதல் நாளே அதை யாரிடம் சொல்வாள். முதல் வாயை விழுங்கினாள். இரண்டாவதை விழுங்கவில்லை, துப்பிவிட்டாள், பட்டுச்சேலை மேல், எல்லார் கண்ணுக்கும் முன்னால், ருக்குமணியின் புதுப் பாவாடையிலும் தெறித்தது. பிறகு உதடு வீங்கியது, மூச்சு திணறியது, யாரோ வேப்பிலை கொண்டுவந்தார்கள், யாரோ பேய் என்றார்கள், யாரோ நடிப்பு என்றார்கள். இதெல்லாம் வடமலை பிறக்கும் முன்னால் நடந்தது. ஆனாலும் அத்தை வாயால் கேட்டுக் கேட்டு அவன் அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தவன் போலவே அவனுக்கு ஞாபகம் இருந்தது. அத்தை கதையில் எப்போதும் ஒரே இடத்தில்தான் குரல் மாறும். “நான் குடுத்த பாலத் துப்புனா.” வீங்கின உதட்டைப் பற்றி ஒன்றும் இல்லை, திணறின மூச்சைப் பற்றி ஒன்றும் இல்லை. நான் குடுத்த பால். மற்றபடி இருவரும் ஒரே வீட்டில் சண்டையும் சிரிப்புமாக இத்தனை காலம் வாழ்ந்தார்கள். ஒரே சீப்பில் தலை சீவினார்கள், ஒருத்தி பிரசவத்துக்கு ஒருத்தி நின்றாள். ஆனால் மதினி தலைவலி என்று படுத்தால்கூட, ஒரு டம்ளர் பால் குடிச்சா எல்லாம் சரியாயிரும், எங்க குடிக்க, எங்க வீட்டுப் பாலுதான் எறங்காதே, என்று அத்தை சொல்லாமல் இருந்ததில்லை.

மூச்சு நின்றது. அவன் குனிந்தான். மறுபடி இழுத்தது. கையில் பிடித்திருந்த மணிக்கட்டு எவ்வளவு லேசு, உள்ளே ஏதோ ஒரு நூல் துடிக்கிற மாதிரி. நூல். மாணவர்களுக்குச் சொல்கிறபோது நூல் என்றுதான் சொல்வான், இப்போது மதுரையில் பாடம் எடுக்கிறானே, அந்தப் பிள்ளைகளுக்கு. பாலைத் திரித்தால் மேலே தெளிந்து நிற்கிறதே நீர், அதில் இருக்கிற புரதம் எல்லாம் இஸ்திரி போட்டு மடித்து வைத்த வேட்டி மாதிரி. சூடு பட்டால் மடிப்பு கலைந்துவிடும். மடிப்பை வைத்து அடையாளம் கண்டுகொள்கிற உடம்பு, கலைந்ததும் ஏமாந்துபோகும். அது பாதிதான். திரிந்து கட்டியாகிற மிச்சம் இருக்கிறதே, கேசீன், அது முதலிலிருந்தே அவிழ்ந்து கிடக்கிற நூல், மடிப்பே கிடையாது, நாள் முழுக்கக் காய்ச்சினாலும் அதில் கலைக்க என்ன இருக்கிறது? மடிக்காததை எப்படிக் கலைப்பாய்? அதற்குக் கத்திதான் வேண்டும். உடம்பு ஆளை முழுசாகப் பார்ப்பதில்லை. ஒரு காது மடல், மூக்கின் ஒரு வளைவு, நடக்கும்போது தோளைச் சாய்க்கிற விதம், அதில் ஒன்று கண்ணில் பட்டால் போதும், வந்துட்டான் வந்துட்டான் என்று ஊரையே எழுப்பிவிடும். ஆகவே காதும் மூக்கும் தோளும் எதுவும் மிஞ்சாத அளவுக்குப் பொடிப்பொடியாக வெட்ட வேண்டும். போனில் ஒரு முறை அம்மாவிடம் சொன்னான். “பால வெட்டுறியா? அத எப்பிடிய்யா வெட்டுவ, கத்தி நழுவாதா?” என்று அம்மா சிரித்தாள். ஒரு சாறும்மா, நம்ம வயித்துல சுரக்கிற மாதிரி ஒரு சாறு, அதுதான் வெட்டும் என்றான். அந்தச் சாறு பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது என்று சொல்லவில்லை. அத்தை பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள், புரட்டாசி மாசம் வேறு. அம்மா ரொம்ப நேரம் சிரித்தாள். சீமைக்குப் போயி பால வெட்டுறான் எம் மவன், என்று தெருவெல்லாம் சொன்னாளாம். விடுமுறைக்கு வந்தபோது ஒரு டின் கொண்டுவந்தான். இது நீ குடிக்கலாம்மா. அம்மா டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பொறந்ததுலேருந்து இல்லாதத இப்பப் போயி தேடணுமாய்யா?” அடுத்த தடவை வந்தபோது அந்த டின்னில் சீரகம் இருந்தது.

எதையும் சொல்லியிருக்கக் கூடாது. அல்லது எல்லாத்தையும் சொல்லியிருக்க வேண்டும். நான்கு வருஷம் முன்னால் அங்கே எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பி வந்த புதிதில், இங்கே இதே அறையில் உட்கார்ந்து, அத்தை கேட்டாள், அப்பிடி என்னதான்யா செஞ்ச அங்க? களைப்பு, பேச்சை முடிக்க வேண்டும், சூடு பண்ணினா பாலோட குணம் மாறும் அத்தே, பாதி போயிரும் என்றான். “பாதின்னா?” பாதின்னா பாதிதான். அத்தை தலையை ஆட்டிக்கொண்டாள். அவன் காப்பியை எடுத்துக் குடித்தான். எதற்கு இப்போது அந்தக் காப்பி ஞாபகம் வருகிறது. பால் வாசனை. காய்கிற பாலின் வாசனை. ஜன்னலை அடைத்தாயிற்றே. மதிலுக்கு அந்தப் பக்கம் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள் போல, கதவிடுக்கு வழியாக வருகிறது, இந்த ஊரில் எதை அடைத்தாலும் வரும். வாசனை இனித்தது. அவனையறியாமல் நெஞ்சு நிறைய இழுத்தான், இழுத்துவிட்டுக் கூசினான். சின்ன வயசிலும் இப்படித்தான். கொட்டகையில் கரண்டி வழித்துத் தின்றுவிட்டு அம்மா மடிக்கு ஓடிவருவான், அம்மா, நில்லுய்யா, வாயக் கழுவிட்டு வா என்பாள். முத்தம் கொடுக்க வாயைக் கழுவ வேண்டிய வீடு. கழுவிவிட்டு வருவான். இருந்தாலும் அவள் கன்னத்தில் அவன் உதடு பட்ட இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு எழும்பும், காசளவு, கொஞ்ச நேரத்தில் மறையும். அதை அவன் பார்த்துக்கொண்டே இருப்பான், தன் அடையாளம் என்று. அவளும் அதைச் சொறிய மாட்டாள்.

வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. பனியா என்று பார்த்தான், பனி இல்லை, கோபுரத்துக்குள் நிற்கிறான், ஆலையில் பாலைப் பொடியாக்குகிற அந்த எஃகுக் கோபுரம், உச்சியில் பாலைப் பீய்ச்சுவார்கள், கீழே வந்து சேர்வதற்குள் சூட்டில் ஈரம் போய்த் தூசியாகிவிடும். மழையாகப் புறப்பட்டுத் தூசியாக வந்து சேரும். உள்ளே யாரும் நிற்க முடியாது, ஆனால் நின்றான். அம்மா வந்தாள். குடை பிடித்துக்கொண்டு வந்தாள், அப்பாவின் கறுப்புக் குடை, செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு. இங்கெல்லாம் வராதம்மா, இது எல்லாம் பால் என்று கத்தினான், குரல் வெளியே வரவில்லை, தூசி அதையும் உறிஞ்சிக்கொண்டது. அம்மா குடையைச் சாய்த்து மேலே பார்த்தாள். எவ்வளவு அழகா விழுதுய்யா என்றாள். கன்னத்தில் விழுந்தது, காசளவு சிவப்பு, இன்னொன்று, இன்னொன்று, குங்குமம் சிதறின மாதிரி, அவள் துடைக்கவில்லை. ருக்குமணி எங்க, அவளக் கூப்பிடு, அவ பாக்கட்டும், என்றாள். தூரத்தில் யாரோ கிண்டுகிற சத்தம், இரும்புச் சட்டியில் கரண்டி ஒரே சீராக அரைத்துப் போகிற சத்தம், வரக் வரக், அப்பா கிண்டுகிறார், இல்லை, அப்பா கை இன்னும் மெதுவாக இருக்கும், சீனி எப்போது போடுவார், சீனி விழுந்தால் பாலின் முகம் பாதி மறைந்துபோகும், இன்னொரு பாதி வேறு முகமாக வெளியே வரும், அதையும் அவன் சோதித்திருக்கிறான், அங்கே ஒரு சின்னக் குடுவையில் பாலும் சர்க்கரையும் பழுப்பாகிற வரை சூடாக்கி, எல்லாரும் கருகிவிட்டது என்று மூக்கைப் பொத்தினபோது அவன் மட்டும் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி நின்றான். மறைந்தது பாதி. மிஞ்சியது பாதி. எதைச் செய்தாலும் பாதி. குடை கையிலிருந்து நழுவியது.

“மருமகனே, எந்திரி. பாலு பதமா இருக்கு.” கழுத்து வலித்தது. அம்மாவின் மணிக்கட்டை விடாமலே அவன் தூங்கியிருக்கிறான். அந்த நூல் துடித்துக்கொண்டுதான் இருந்தது. வெயில் சரிந்து எதிர்ச் சுவரில் ஏறியிருந்தது. அம்மாவின் கண்ணோரத்தில் ஈரம், இமை லேசாகச் சிவந்திருந்தது, கனவில் வந்த சிவப்பு இன்னும் கலையவில்லை என்று நினைத்துக்கொண்டான். அத்தை அவன் கலக்கி வைத்திருந்த அதே டம்ளரை, அதே தட்டால் மூடி, தலைமாட்டு ஸ்டூல் மேல் வைத்தாள். ஸ்பூனை முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். முகம் கழுவி, திருநாமம் இட்டு, சேலை மாற்றியிருந்தாள். “மூத்த மகன் கைதான் மொதல்ல. பெருமாள நெனச்சுக்கிட்டு ஊத்து. மதினி, மதினி, ஒம் மவன் பாலு ஊத்தப் போறான், கோவிச்சுக்கிடாத தாயி.” அவன் ஸ்பூனை முக்கி எடுத்தான். எடுத்து, தன் வாயில் வைத்தான். பழக்கம். யாருக்கும் கொடுக்கும் முன் நாக்கில் ஒரு சொட்டு, கண்ணை மூடு, எவ்வளவு கசக்கிறது சொல்.

இனித்தது.

இனிப்பு என்றால் அப்படி ஒரு இனிப்பு, சுண்டின பாலின் கொழுத்த, வட்டமான, அடிபிடிக்காத இனிப்பு, நாக்கு மகிழ்ந்துபோனது, ஒரு கணம் அவன் கொட்டகையில் கரண்டி வழிக்கிற பிள்ளை, அடுத்த கணம் ஸ்பூனை வெடுக்கென்று வாயிலிருந்து எடுத்தான். ஸ்பூனிலிருந்து ஒரு சொட்டு அம்மாவின் தலையணையில் விழுந்தது. அதைப் பார்த்தான். திறந்திருந்த வாய்க்கு நான்கு விரல்கடை. தலையணையை மெதுவாக உருவித் தூரப் போட்டான், அம்மாவின் தலையைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு. “அத்தே. இது எந்தப் பாலு?”

“பாலுதான்யா.”

“நான் கலக்கி வச்சது எங்க?”

“அதா?” அத்தை முகத்தைச் சுளித்தாள். “தெறந்து பாத்தா செத்த எலி நாத்தம். ஒறக்கத்துல எதையோ கெட்டுப்போனதக் கலக்கிட்டான் பிள்ளைன்னு சாக்கடையில ஊத்திட்டேன். மதினி வாயில அந்தக் கண்றாவியவா ஊத்துவ? பின்னால கொட்டாயில கேட்டு ஒரு செம்பு வாங்கியாந்தேன். எனக்குத் தெரியாதாக்கும் அவளுக்கு ஆகாதுன்னு. நீதானய்யா சொன்ன, காய்ச்சினா பாதி போயிரும்னு. நான் பாதிக்குப் பாதியா வத்த விட்டுருக்கேன். நீ ஒறங்குன நேரம் பூராவும் நின்னு கிண்டியிருக்கேன். மிச்சப் பாதி எங்கிட்டு இருக்கும்? எல்லாம் போயிருச்சு.” வியர்வை அவள் திருநாமத்தைக் கரைத்திருந்தது. வலது கை இன்னும் கரண்டி பிடித்த வளைவிலேயே இருந்தது.

கோபம் வந்து தொண்டை வரைக்கும் ஏறி, அங்கே அந்த இனிப்பில் வழுக்கிக் கீழே போய்விட்டது. என்ன சொல்வான்? மிச்சப் பாதிக்கு மடிப்பே இல்லை அத்தே என்றா? பாதி என்று அரைகுறையாகச் சொல்லிவிட்டுக் காப்பி குடித்தவன் அவன். அதைக் காதில் வாங்கி, நான்கு வருஷம் பத்திரமாக வைத்திருந்து, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் முழுசாகச் செய்து கொண்டுவந்து நிற்கிறாள் இவள். பாவாடையில் தெறித்த பால் இன்னும் காயவில்லை. “அத்தே” என்றான், “இங்க வாங்க. என்கூட அடுப்படிக்கு வாங்க.” அடுப்படியில் அந்தச் சட்டி கிடந்தது, பால் ஒட்டின விளிம்போடு. கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினான், அத்தையையும் கழுவ வைத்தான், வேறு டம்ளர், வேறு ஸ்பூன், தண்ணீர், வெதுவெதுப்பு, பொடி. வாடை எழுந்தது. அத்தை மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஒரு ஸ்பூன் எடுத்து அவளிடம் நீட்டினான். “குடிச்சுப் பாருங்க.” அவள் அவனையே பார்த்தாள். பிறகு, ஏழு மணிக்கு நடை சாத்துகிற கோயிலில் தீர்த்தம் வாங்குகிறவள் மாதிரி அவசரமாக, வாயில் ஊற்றிக்கொண்டாள். முகம் முழுவதும் சுருங்கி ஒரு புள்ளிக்கு வந்தது. “தூ! வேப்பங்கொழுந்து! இதுவா பாலு?”

“இதுவும் பாலுதான் அத்தே. நம்ம மாட்டுப் பாலு மாதிரிதான் இருந்துச்சு. வெட்டி வெட்டி இப்படி ஆயிருச்சு. கசந்தா அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. இனிச்சா ஆகும்.”

அத்தை வாயைக் கொப்பளித்தாள். கொப்பளித்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “அன்னிக்கு” என்றாள், திரும்பாமலே. “கிண்ணத்துல சீனி ரெண்டு கரண்டி சேத்துப் போட்டேன்யா. புதுப் பொண்ணுன்னு.” அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “சரி, கொண்டா, ஆறிரப் போகுது” என்றாள்.

டம்ளரை அவன் தூக்கிக்கொண்டு வந்தான், ஸ்பூனை அவள் கையில் கொடுத்தான். மூத்த மகன் மொதல்ல என்று அவள் இழுத்தாள். நீங்க ஊத்துங்க அத்தே, நான் தலையப் பிடிச்சுக்கிடுதேன் என்றான். அம்மாவின் பின்தலை அவன் உள்ளங்கையில் சூடாக, ஒரு பறவையளவு கனத்தில் இருந்தது. ஸ்பூன் உதட்டைத் தொட்டது. உள்ளே சில சொட்டு. காத்திருந்தார்கள். அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், ஓரத்தை, கன்னத்தை, கழுத்துக் குழியை, காசளவு எங்காவது எழும்புகிறதா என்று, மூச்சு நிற்கிற இடத்தில் தானும் நிறுத்தி, இழுக்கிற இடத்தில் தானும் இழுத்து. குறைத்தல். குறைத்தல். மிச்சம் எங்கே போய் நிற்கும். தொண்டை ஒரு தடவை அசைந்தது. “எறங்கிருச்சு” என்று அத்தை ரகசியம் போலச் சொன்னாள். “மதினி, எறங்கிருச்சு மதினி.” ஒன்றும் எழும்பவில்லை. வெயில் சுவரில் இன்னும் கொஞ்சம் ஏறியது. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். இன்னொரு ஸ்பூன். நாக்கு வெளியே வந்து கீழுதட்டை ஒரு முறை தடவி உள்ளே போனது. இமை பிரிந்தது. அம்மா அவனைப் பார்க்கவில்லை, ஸ்பூனைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள், அந்தக் கையிலிருந்து மேலே முகத்துக்குப் போனாள்.

“என்னது?” காற்றுதான் வந்தது, எழுத்து அதற்குள் எங்கேயோ இருந்தது.

“பாலு, மதினி. நாந்தான் குடுத்தேன். ருக்கு.”

நாக்கு மறுபடி உதட்டைத் தடவியது, நிதானமாக, ருசி பார்க்கிறவள் மாதிரி. புருவம் லேசாகச் சுருங்கியது.

“இதுக்கா” என்றாள் அம்மா. ஒரு மூச்சு விட்டுவிட்டு, “இம்புட்டு ஆர்ப்பாட்டம்?”

அத்தை வாயைத் திறந்தாள். தெருவே மணக்கக் காய்ச்சுகிற வீட்டில் பிறந்தவள், ஸ்டூல் மேல் அவன் மறுபடி தட்டுப்போட்டு மூடிவைத்த அந்தச் சுண்டக் காய்ச்சின பால் அவள் கை பதம், இது இல்ல மதினி பாலு, பாலுன்னா எப்பிடி இருக்கும் தெரியுமா என்று சொல்லத் துடிக்கிற வாய். வடமலை அவளைப் பார்த்தான். அவள் மூடிக்கொண்டாள்.

“ஆமாம்மா” என்றான் அவன். “இம்புட்டுத்தான்.”

“இன்னொரு வாய் மதினி?” என்று அத்தை ஸ்பூனை முக்கினாள். அம்மா உதட்டைச் சேர்த்துக்கொண்டாள், போதும் என்பது போல, ஓரத்தில் சிரிப்பாகவும் இருக்கலாம், கசப்பாகவும் இருக்கலாம், ஒரு சின்ன நெளிவோடு. மூச்சு மூக்கின் வழியாக மெல்லப் போய் வரத் தொடங்கியது. காலையிலிருந்து திறந்தே கிடந்த வாய் அது.